பைகளுக்குக் காவல் இருக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – டீச்சர் பதில்

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எனக்கு 43 வயது. சில ஆண்டுகளுக்கு முன் சிக்குன்குனியா வந்து போனது. காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலியும் அசதியும் போகவில்லை. கூடவே ஒற்றைத் தலைவலி. குக்கர் விசில் அடித்தால் தலைக்குள் ஆணி இறங்குவதுபோல் இருக்கிறது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கொச்சிப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. இரவில் லேசர் ஒளியும் இசையுமாகச் சிறப்பு நிகழ்ச்சி உண்டாம். ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள், "அம்மா வராவிட்டால் நானும் போகமாட்டேன்" என்கிறாள். நாத்தனார், "ஒரு நாள்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு வா" என்கிறார். போகலாமா, வேண்டாமா?
– கொழிஞ்சாம்பாறை வாசகி

பதில்: போங்கள், சகோதரி. ஆனால் நிகழ்ச்சிக்கு மட்டும் போங்கள். காலை பத்து மணிக்கே மற்றவர்களோடு பூங்கா வாசலில் போய் நிற்காதீர்கள்.

எனக்கு இந்தக் காய்ச்சல் வந்தது 2007 மழைக்காலத்தில். அந்த ஆண்டு கேரளத்தில் பல மாவட்டங்களில் ஊர் ஊராக மக்கள் படுத்துக்கிடந்தார்கள். சிக்குன்குனியா என்ற பெயரே தான்சானியாப் பகுதியின் மகோண்டே மொழிச் சொல். வலியில் உடல் வளைந்து மடங்கிப் போவதைக் குறிக்கிறது. நானும் அப்படித்தான் மடங்கினேன். சாக்பீஸைப் பிடித்துக் கரும்பலகையில் ஒரு வரி எழுதினால் மணிக்கட்டு வீங்கிவிடும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகிறது. நீங்களும் நானும் அந்தச் சிலரில் இருவர்.

அதற்குச் சில ஆண்டுகள் கழித்து ஒரு டிசம்பரில், தம்பி குடும்பத்தோடு நானும் ஒரு பூங்காவுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் ஒரே குரலில், "அக்கா, நீங்கள் அலைய வேண்டாம். இங்கே நிழலில் உட்கார்ந்திருங்கள்" என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். என் பக்கத்தில் ஒன்பது பைகள், ஈரத் தோர்த்துகள் (துண்டுகள்), ஏழு ஜோடிச் செருப்புகள். சிமென்ட் பெஞ்சு. தலைக்கு மேல் கம்பத்தில் ஒலிபெருக்கி. நிழல் பன்னிரண்டு மணிக்கு நகர்ந்துவிட்டது. பைகளை விட்டுவிட்டு நான் எங்கே நகர்வது? மாலை ஐந்து வரை அங்கேயே இருந்தேன். அதை ஓய்வு என்று எல்லோரும் நம்பினார்கள், நானும் நம்பினேன்.

இரவு நிகழ்ச்சி தொடங்கிச் சில நிமிடங்கள்கூட ஆகவில்லை. வெள்ளை விளக்குகள் வெட்டி வெட்டி மின்னின. வலக்கண்ணின் ஓரத்தில் ரம்பப் பல்லைப்போல ஒரு கோடு நெளியத் தொடங்கியது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அந்தக் கோட்டின் பொருள் தெரியும். எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்தேன். பெண்கள் கழிப்பறைக்கு வெளியே இருந்த நடையில், ஃபினாயில் வாசத்துக்கு நடுவே, ஈர டைல்ஸில் கன்னத்தை வைத்துப் படுத்துவிட்டேன். அந்தக் குளிர்ச்சி ஒன்றுதான் அப்போது எனக்கு ஆதரவாக இருந்தது. தம்பியின் எட்டு வயது மகள் என் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறாள். பூங்கா வரைபடத்தை மடித்து எனக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். நிகழ்ச்சியின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் சிவப்பாகவும் பச்சையாகவும் மாறி மாறி விழுந்தது. ஆண்டு முழுவதும் காத்திருந்த நிகழ்ச்சியில் அந்தக் குழந்தை பார்த்தது அந்தச் சுவரைத்தான். பிறகு நான் பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். அது எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சுவர் மறக்கவில்லை.

உங்கள் மகளுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. என்னை வீழ்த்தியது நிகழ்ச்சியின் சில நிமிடங்கள் அல்ல. அதற்கு முந்தைய ஏழு மணி நேர வெயிலும் இரைச்சலும் என்னை ஏற்கெனவே காலி செய்திருந்தன. நம் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்து விவசாயியிடம் கேளுங்கள். தமிழகமும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, எல்லையிலுள்ள மணக்கடவு தடுப்பணைக்கு ஆண்டுக்கு வரவேண்டியது 7.25 டி.எம்.சி. தண்ணீர். அந்தக் கணக்கு தெரியாத தென்னந்தோப்புக்காரர் இங்கே இல்லை. முறைத் தண்ணீர் வரும் நாளில் வாய்க்காலை அடைத்து, எந்தப் பாத்திக்கு வேண்டுமோ அதற்குத்தான் திருப்புவார். வரப்பில் கசிய விட்டால் கடைசிப் பாத்தி காயும். உங்கள் உடம்புக்கு அன்றைக்கு வரும் தண்ணீர் கொஞ்சம்தான். கடைசிப் பாத்தி இரவு நிகழ்ச்சி. மற்ற மடைகளையெல்லாம் அடைத்துவிடுங்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கூடுமானால் முதல் நாளே புறப்பட்டு, பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு, வடக்கஞ்சேரி, திருச்சூர், அங்கமாலி என்று போவதற்கே நாலு மணி நேரம் பிடிக்கும். டிசம்பரில் சபரிமலை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். குதிரான் சுரங்கம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். உள்ளே வரிசையாக வரும் விளக்குகள் வண்டி வேகத்தில் கண்ணில் விட்டு விட்டு அடிக்கும். சுரங்கம் வருவதற்கு முன்பே தோர்த்தை மடித்துக் கண்மேல் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடத்திலேயே எனக்குத் தலைவலி பிடித்ததுண்டு.

மறுநாள் காலை மற்றவர்கள் பூங்காவுக்குப் போகட்டும். மகளும் அப்பாவோடும் அத்தையோடும் போய் ஆசை தீர விளையாடட்டும். நீங்கள் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருங்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, நாலரை மணிக்குப் பூங்காவுக்குப் போனால் போதும். "முழு டிக்கெட் எடுத்துவிட்டு மூன்று மணி நேரமா?" என்று வீட்டில் கணக்குப் பார்ப்பார்கள். மாலைக்கு மட்டும் குறைந்த கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே போனில் கேளுங்கள். இல்லாவிட்டாலும் முழு டிக்கெட்டே எடுங்கள். பிறகு ஒரு வாரம் படுத்தால் ஆகும் செலவை யாரும் எழுதிவைப்பதில்லை, அதனால் அது செலவாகவே தெரிவதில்லை.

போனில் கேட்கவேண்டியது வேறு சிலவும் உண்டு. நிகழ்ச்சி எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், உட்கார இருக்கை உண்டா, வெட்டி மின்னும் விளக்கும் புகையும் உண்டா, ஒலிபெருக்கிகள் எந்தப் பக்கம், இடையில் எழுந்து வெளியேற வழி எங்கே. சக்கர நாற்காலி கிடைக்குமா என்றும் கேளுங்கள். நடக்கக் கால் இருக்கும்போது சக்கர நாற்காலியா என்று உங்கள் மனம் தயங்கும். தயங்காதீர்கள். வாசலிலிருந்து அரங்கு வரை நடக்கும் தூரத்தை மிச்சம் பிடித்தால், அது நிகழ்ச்சியில் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமாக மாறும்.

அங்கே ஊழியரிடம் எந்தச் சொல்லால் சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். எல்லைக்காரர்களான நாம் சட்டென்று மலையாளத்தில் "க்ஷீணமாணு" (களைப்பாக இருக்கிறது) என்று சொல்லிவிடுவோம். மலையாளத்தில் அது வெயிலில் நடந்து வந்தவரும் சொல்கிற சொல். "கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். "நில்க்கான் பற்றில்ல" என்று சொல்லுங்கள். நிற்க முடியாது என்றால் உடனே நாற்காலி தேடுவார்கள். தமிழிலும் இதே சிக்கல்தான். அலுப்பு தூங்கினால் போகும். நமக்கு இருப்பது தூங்கி எழுந்த பிறகும் அப்படியே கிடக்கும் அசதி. இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொன்னால் நாத்தனார் பல்லைக் கடிக்கத்தான் சொல்வார். அவரைக் குறை சொல்லாதீர்கள். "அண்ணி, அன்றைக்கு நான் சமாளித்துவிடுவேன். அதற்கடுத்த இரண்டு நாள் எழுந்திருக்க மாட்டேன்" என்று நாளைக் குறித்துச் சொல்லிப் பாருங்கள். அசதி உடனே வராமல் ஒரு நாள் தள்ளி வந்து விழுகிறது என்பது நம்மைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். பார்ப்பவர்களுக்குச் சொன்னால்தான் தெரியும்.

சத்தத்துக்கு வருகிறேன். காதுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் தாங்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 100 டெசிபலுக்கு வாரத்துக்குச் சுமார் 20 நிமிடம்தான். கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று 2022-இல் அந்த நிறுவனம் வரையறை வெளியிட்டது. இது நல்ல காது உள்ளவர்களுக்கான கணக்கு. நமக்கு அதற்கும் முன்பே தலை கலங்கிவிடும். ஆகவே இரண்டு காப்பு வேண்டும். ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பு. அதை விரலால் மெல்லிய திரிபோல உருட்டி, மறு கையால் காதின் மேல்நுனியை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அரை நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும். பலர் அப்படியே திணித்துவிட்டு, பயனில்லை என்று தூக்கி எறிகிறார்கள். இன்னொன்று தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்ளும் காதுமூடி. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர் யாராவது உங்கள் தெருவில் இருப்பார், எங்கே வாங்கலாம் என்று அவரைக் கேளுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் பாட்டு கேட்கும், குத்தாது.

ஆனால் அதிரும் பறையொலிக்கு இவை போதாது. அது காது வழியாக மட்டும் வருவதில்லை, நெஞ்செலும்பு வழியாகவும் வருகிறது. அதற்கு மருந்து தூரம் ஒன்றுதான். திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து நீங்கள் இருக்கும் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். நெம்மாறை–வல்லங்கி வேலா திருவிழாவுக்குப் போயிருப்பீர்கள். வெடிக்கட்டின்போது வயலின் அடுத்த கரையில் நின்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள், பந்தலடியில் நின்றவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். முன்வரிசை வேண்டாம். கடைசி வரிசையில், ஓரத்தில், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒலிபெருக்கி உங்களை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

விளக்குக்கு, முன்விளிம்பு உள்ள தொப்பி. மின்னத் தொடங்கினால் தலையைக் குனிந்தால் போதும், விளிம்பு மறைத்துக்கொள்ளும். மகளின் முகத்தைப் பாருங்கள். மேடையைவிட அது பார்க்க நன்றாக இருக்கும். மருத்துவர் தலைவலி மாத்திரை கொடுத்திருந்தால், அதைத் தலைவலியின் தொடக்கத்திலேயே போடலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முற்றிய பிறகு போட்டால் பெரும்பாலும் கேட்பதில்லை. அசதிக்கு ரத்தசோகையோ தைராய்டோ காரணமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் பழைய காய்ச்சலின் தலையில் போட்டுவிடக்கூடாது.

மகளிடம் முன்பே ஒன்று பேசி வையுங்கள். "அம்மா நடுவில் எழுந்து போகலாம். நீ அப்பாவோடு கடைசி வரை இருக்க வேண்டும். நான் வெளியே அந்த மரத்தடியில் இருப்பேன்" என்று சொல்லி, இடத்தையும் காட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் இதை யாரும் சொல்லி வைக்கவில்லை, அதனால்தான் அந்தக் குழந்தை எழுந்து ஓடி வந்தது.

பைகளைப் பற்றி. பூங்காக்களில் பூட்டும் பெட்டி வாடகைக்குக் கிடைக்கும். பைகளை அதில் வைக்கச் சொல்லுங்கள். "நான் காவல் இருக்க மாட்டேன்" என்று வீட்டில் கிளம்பும் முன்பே, சிரித்த முகத்தோடு, எல்லோர் முன்னிலும் சொல்லிவிடுங்கள்.

ஒத்திகை பார்க்க ஆசையாக இருந்தால் மலம்புழை அணைப் பூங்கா இருக்கிறது. விளக்குப் போடும் மாலை ஒன்றில் காதடைப்பு, தொப்பி எல்லாவற்றோடும் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கானாயி குஞ்ஞிராமன் 1969-இல் செய்த யக்ஷி சிலையை மகளுக்குக் காட்டுங்கள். அடுத்த மூன்று நாள் உடம்பு என்ன சொல்கிறது என்று காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பை வைத்துக் கொச்சிப் பயணத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். திரும்பி வந்த பிறகு இரண்டு நாளைக்கு இட்லி மாவு முன்பே அரைத்து வைத்திருக்க வேண்டும், அரைப்பது நீங்களாக இருக்கக்கூடாது.

கேள்வி: மகள் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் இருக்கிறாள். டிசம்பரில் எங்களை டிஸ்னி பூங்காவுக்குக் கூட்டிப்போக டிக்கெட் பார்க்கிறாள். எனக்கு முழங்கால் தேய்மானம், பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. என் வீட்டுக்காரருக்கு வெடிச்சத்தம் ஆகாது. அங்கே எங்களால் பார்க்கக்கூடிய நிகழ்ச்சி ஏதாவது உண்டா?
– வேலந்தாவளம் வாசகி

பதில்: உண்டு. எப்காட் என்ற பூங்காவில் 'கேண்டில்லைட் புரொசஷனல்' நடக்கும். இயேசு பிறந்த கதையைப் பிரபலமான ஒருவர் வாசிக்க, பெரிய பாடகர் குழுவும் சுமார் 50 பேர் கொண்ட இசைக்குழுவும் கூடவே பாடி இசைக்கும். 1958-இல் கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் தொடங்கியது. எப்காட்டில் 1994 முதல் நடக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 30 வரை, இரவுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 40 நிமிடம். உட்கார்ந்து பார்ப்பது. நமக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

சிக்கல் வரிசையில்தான். நல்ல இடம் வேண்டுமானால் வெகுநேரம் முன்பே போய் நிற்க வேண்டும். உணவகத்தில் சாப்பாட்டோடு சேர்த்து வாங்கும் டிக்கெட்டுக்குத் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். மகளிடம் அதையே எடுக்கச் சொல்லுங்கள். விலை கூடுதல்தான், முழங்காலுக்காக என்று எண்ணிக் கொடுங்கள். இரவில் ஏரி மேல் நடக்கும் வாணவேடிக்கை தனி நிகழ்ச்சி. அதற்கு முன்பே வெளியேறிவிட்டால் உங்கள் வீட்டுக்காரருக்கு நிம்மதி. மூன்றில் முதல் காட்சிக்குப் போனால் இது எளிது.

இன்னொன்று. அங்கே வரிசையில் நிற்காமல் நேரம் குறித்து வாங்கும் சலுகை ஒன்று 2013 முதல் இருக்கிறது. 2024-இல் அதை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். முழங்காலுக்கு அது கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியோ மின்வண்டியோ வாடகைக்கு எடுப்பதுதான் வழி. இந்தச் சுருக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. நிற்க முடியாதவருக்கு வண்டி உதவும், ஆனால் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்தபடியே சோர்ந்து போகிறவருக்கு வண்டி என்ன செய்யும்?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, ஆட்டிசம். வண்ண விளக்கு என்றால் உயிர். கைதட்டல் ஓசை கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். இப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு அவனை எப்படித் தயார் செய்வது?
– மீனாட்சிபுரம் வாசகர்

பதில்: தம்பி, முதலில் மருத்துவரிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். வலிப்பு வந்ததுண்டா, மின்னும் விளக்கு ஆகுமா என்று. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கும். வெட்டி மின்னும்போது அவனுக்கு ஒரு மாதிரி ஆனால், அவனுடைய ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முகத்தை வேறு பக்கம் திருப்புங்கள். இரண்டு கண்ணையும் இறுக மூடச் சொன்னால் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும்.

வலிப்புத் தொல்லை இல்லை என்றால், போவதற்கு ஒரு மாதம் முன்பே காதுமூடியை வீட்டில் பழக்குங்கள். அவனுக்குப் பிடித்த நேரத்தில், பிடித்த தின்பண்டத்தோடு, நாளுக்கு ஐந்து நிமிடம். பூங்கா வாசலில் புதிதாக மாட்டினால் அதுவே அவனுக்கு இன்னொரு வேதனை. நிகழ்ச்சியின் காணொளி கிடைத்தால் முதலில் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். நாளுக்கு நாள் ஒரு புள்ளி கூட்டுங்கள். கைதட்டல் எங்கே வருகிறது என்று அவனுக்கே மனப்பாடம் ஆகிவிட்டால் அது அவனைத் திடீரென்று தாக்காது. என் வகுப்பில் இருந்த ஒரு பையன், பள்ளி மணி அடிப்பதற்கு அரை நிமிடம் முன்பே காதைப் பொத்திக்கொண்டு, மணி அடித்து முடிந்ததும் கையை எடுத்துவிட்டுச் சிரிப்பான். மணி நேரம் தப்பி அடித்த நாளில்தான் அழுதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இருக்கிறது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்திருந்தால் கையில் வைத்திருங்கள். வாசலில் வரிசையைத் தவிர்க்க முடியுமா என்று அதைக் காட்டிக் கேளுங்கள். முதல் முறை பத்து நிமிடம் பார்த்துவிட்டு, அவன் அழுவதற்கு முன்பே, அவன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே கூட்டி வந்துவிடுங்கள். அடுத்த டிசம்பரில் இருபது நிமிடம் பார்க்கலாம்.